தோற்றவனுக்கும் நாற்காலி போடும் கூட்டம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் ஒரு வாரமாக வீடியோ கேம் பற்றி விவாதம் ஓடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் சண்டை விளையாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும் என்கிறார்கள். "அடிதடி கேம் விளையாடினா பையன் முரடனாயிடுவான்" என்று ஒருவர் எழுதினார். "இதெல்லாம் சூதாட்டம் மாதிரிதான்" என்றார் இன்னொருவர். "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று பழைய மாணவர் ஒருவரும் தனியாகக் கேட்டார். குழுவில் பதில் எழுதினால் பாதியில் நாலு குட் மார்னிங் படம் வந்து மூடிவிடும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டை விளையாட்டுக்காரர்கள் முப்பது வருடமாக ஓர் ஏற்பாட்டை வளர்த்து வைத்திருக்கிறார்கள். தோற்றவனை வெளியே அனுப்பாமல், பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு அது. நம் பள்ளிகளும் வீடுகளும் செய்யத் தடுமாறுகிற ஒன்றை இவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குத் தீர்ப்பு சொல்லுங்கள்.

முதலில், இது என்ன விளையாட்டு? திரையில் இரண்டே பேர். ஒருவரை நான் இயக்குகிறேன், மற்றவரை நீங்கள் இயக்குகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் மேலே ஓர் உயிர்க்கோடு இருக்கும். அடி விழ விழ அது குறையும். யாருடையது முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். அவ்வளவுதான். கம்ப்யூட்டரோடும் விளையாடலாம். ஆனால் அது கேரம் பலகையில் தனியாக அடித்துப் பழகுவது போல. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் இதற்கு உயிர் வரும்.

1991-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற விளையாட்டை வெளியிட்டது. இந்தக் கூட்டம் பிறந்தது அதிலிருந்துதான் என்று சொல்லலாம். எட்டு வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவர்களில் ஒருவர் நம் நாட்டு யோகி, பெயர் தால்சிம். கையையும் காலையும் கயிறு போல நீட்டி அடிப்பார், வாயால் நெருப்பு ஊதுவார். யோகாவை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்!

அப்போது வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் கிடையாது. ஆர்கேட் என்ற விளையாட்டுக் கடைகளில் ஆள் உயரப் பெட்டிகள் நிற்கும். காசு போட்டால் ஆடலாம். அமெரிக்காவில் 25 சென்ட் நாணயம், ஜப்பானில் 100 யென். வென்றவர் அதே காசில் தொடர்ந்து ஆடலாம். தோற்றவர் எழுந்துவிட வேண்டும். மறுபடி ஆட வேண்டுமானால் மறுபடி காசு. அடுத்து ஆட வேண்டியவர்கள் பெட்டியின் விளிம்பில் தங்கள் நாணயத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். நம்மூர் ரேஷன் கடையில் பையையும் கல்லையும் வைத்து இடம் பிடிப்போமே, அதே முறைதான்.

இந்தச் சட்டம் இயந்திரத்தின் சட்டம். தோற்றவனிடம் அதற்கு இரக்கம் கிடையாது. கெட்டிக்காரன் ஒரே காசில் சாயங்காலம் வரை ஆடுவான். கற்றுக்குட்டி ஒரு நிமிடத்தில் காசை இழந்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போவான். இழந்துகொண்டே இருக்க முடியாதவன் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். வீட்டுக்குப் போகலாம், அல்லது தன்னைத் தோற்கடித்தவன் எப்படி ஆடுகிறான் என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பார்த்தவர்கள்தான் இந்தக் கூட்டத்தை உருவாக்கினார்கள்.

பார்த்துக் கற்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. ஓர் அடி விழுந்த கையோடு எதிராளி சுதாரிப்பதற்குள் அடுத்த அடியையும் சேர்த்துவிடும் வித்தைக்கு 'காம்போ' என்று பெயர். இன்று எல்லாச் சண்டை விளையாட்டுக்கும் அடிப்படை அதுதான். ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐச் செய்தவர்கள் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை. சோதித்துப் பார்க்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. செய்வதற்கு மிகவும் கடினம் என்பதால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கடைகளில் ஆடிய பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லி, ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள். பாடப்புத்தகம் எழுதியவருக்கே தெரியாத பாடத்தைக் கடைசி பெஞ்ச் கண்டுபிடித்தது!

அதோடு கணக்கும் இருக்கிறது. கணக்கு வாத்தியாரான எனக்கு இதில் பிடித்த பகுதியே இதுதான். இந்த விளையாட்டில் ஒரு நொடி அறுபது பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பங்குக்கும் 'ஃபிரேம்' என்று பெயர். ஒரு குத்து கிளம்ப இத்தனை ஃபிரேம், அடித்த கை திரும்பி வர இத்தனை ஃபிரேம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. எதிராளியின் கை திரும்ப எட்டு ஃபிரேம் ஆகும், என் உதைக்கு ஐந்து போதும் என்றால், அந்த இடைவெளியில் என் உதை நிச்சயம் விழும். அந்தக் காலத்தில் இந்த அட்டவணையை எல்லோரும் எளிதில் பார்க்க முடியாது. ஆடியவர்களே வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணிக் குறித்து வைத்தார்கள். கழித்தல் கணக்கை வெறுத்த எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்! காரணம் கிடைத்தால் கழித்தலும் இனிக்கும்.

இப்படி வளர்ந்த கடைகளில் பேர் பெற்ற ஒன்று, நியூயார்க் சைனாடவுனில் மாட் தெருவில் இருந்த 'சைனாடவுன் ஃபேர்'. பல நாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று ஆடிய இடம். பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவனிடம் அப்பா என்ன வேலை பார்க்கிறார், எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆட்டம் எப்படி என்பது மட்டும்தான் கேள்வி.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 1996-இல் கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு போட்டி நடந்தது. ஆமாம், நம் பிள்ளைகள் பலர் இன்று ஐடி வேலை பார்க்கும் அதே சன்னிவேல்தான். அங்கே 'கோல்ஃப்லேண்ட்' என்ற பொழுதுபோக்கு இடத்தில் டாம் கேனன், டோனி கேனன் என்ற இரட்டைச் சகோதரர்களும் நண்பர்களும் சேர்ந்து நடத்தினார்கள். வந்தவர்கள் 40 பேர். 2002-இல் அந்தப் போட்டிக்கு 'எவல்யூஷன்' என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக 'ஈவோ'. 2005 முதல் லாஸ் வேகாஸ் நகரத்துக்குப் போனது. 2023-இல் அங்கே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற ஒரே விளையாட்டுக்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். நாற்பது ஏழாயிரமான கதை இது.

எண்ணிக்கையை விட அவர்கள் வைத்துக்கொண்ட விதிகள்தான் எனக்கு முக்கியம். மூன்று விதிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, கதவு திறந்திருக்கும். பதிவுக் கட்டணம் கட்டும் எவரும் ஆடலாம். உலக சாம்பியனும் முதல் சுற்றிலிருந்துதான் தொடங்குவார். நேற்று கற்றுக்கொண்டவர் இன்று அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். டென்னிஸில் நீங்களும் நானும் பணம் கட்டிவிட்டு விம்பிள்டன் முதல் சுற்றில் இறங்க முடியுமா? இங்கே முடியும்.

இரண்டு, ஒரு முறை தோற்றால் வெளியே போக வேண்டியதில்லை. இதற்கு இரட்டை வெளியேற்ற முறை என்று பெயர். முதல் தோல்விக்குப் பிறகு 'தோற்றோர் வரிசை' என்ற இன்னொரு பாதைக்கு மாறுவீர்கள. அங்கே வரிசையாக வென்றுகொண்டே போனால் இறுதிப் போட்டிக்கே வந்துவிடலாம். இறுதியில் எதிரே இருப்பவர் ஒரு முறைகூடத் தோற்காதவர். அவரை இரண்டு தடவை வெல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்கும் ஒரு தோல்வி பாக்கி இருக்கிறது. எவ்வளவு நியாயமான கணக்கு பாருங்கள்! தோற்றவனுக்கு வழி நீளம், ஆனால் அடைக்கப்படவில்லை. தோற்காதவனுக்கும் அவன் சம்பாதித்த சலுகை உண்டு.

மூன்று, ஓர் ஆட்டம் முடிந்து அதே இருவர் அடுத்த ஆட்டம் ஆடும்போது, வென்றவர் தன் கதாபாத்திரத்தை மாற்றக் கூடாது. தோற்றவர் மாற்றிக்கொள்ளலாம். அதாவது, யோசித்து வேறு வழி தேடும் உரிமை தோற்றவருக்குத்தான். வகுப்பறையில் இதற்கு இணையான ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியின் சட்டம் 'தோற்றவன் எழுந்து போ' என்றது. அந்தப் பெட்டியைச் சுற்றி வளர்ந்த மனிதர்கள் 'தோற்றவன் இன்னொரு நாற்காலிக்கு வா' என்று மாற்றினார்கள். விளையாட்டை விற்ற நிறுவனம் செய்த மாற்றம் அல்ல இது. ஆடியவர்கள் தாங்களே செய்துகொண்டது.

இந்த விதியால் என்ன பயன் என்று கேட்டால், 2004-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தின் வரலாற்றிலேயே மிகவும் புகழ்பெற்ற காட்சி அது. போமோனாவில் உள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஈவோ நடந்தது. விளையாட்டு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் மூன்றாம் பதிப்பு. ஒரு பக்கம் ஜப்பானின் டைகோ உமேஹாரா. மறுபக்கம் நியூயார்க்கின் ஜஸ்டின் வாங், சைனாடவுன் ஃபேரில் ஆடி வளர்ந்தவர். டைகோவின் உயிர்க்கோடு ஏறத்தாழ காலி. ஜஸ்டின் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். தொடர்ச்சியாக 15 உதைகள். சாதாரணமாகத் தடுத்தால்கூட ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் உயிர் போகும், டைகோவிடம் அந்தக் கொஞ்சமும் இல்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. அந்த விளையாட்டில் அடி வந்து விழும் அதே கணத்தில், பின்வாங்காமல், அடியை நோக்கி ஜாய்ஸ்டிக்கைத் தட்ட வேண்டும். கணம் தப்பாமல் தட்டினால் அடி உடம்பில் படாது. தப்பினால் ஆட்டம் முடிந்தது. டைகோ பதினைந்து உதைகளையும் அப்படியே ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்து வென்றார். அரங்கமே எழுந்து கத்தியது. அந்த வீடியோ உலகமெங்கும் பரவி, இந்த விளையாட்டையே தெரியாத கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அது தோற்றோர் வரிசையின் கடைசி ஆட்டம். அந்த இருவருமே அந்தப் போட்டியில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவர்கள். ஒரு தோல்வியோடு வெளியே அனுப்பும் முறை இருந்திருந்தால் அந்தக் காட்சியே நடந்திருக்காது. அதோடு டைகோ அன்று பட்டமும் வெல்லவில்லை. இறுதிப் போட்டியில் சக ஜப்பானியர் ஒருவரிடம் தோற்று இரண்டாம் இடம்தான் பெற்றார். முதலிடம் யாருக்கு என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாம், மூன்றாம் இடக்காரர்கள் ஆடிய ஆட்டத்தை உலகமே நினைவில் வைத்திருக்கிறது.

டைகோவின் பின்கதையும் கேளுங்கள். அந்தப் புகழுக்குப் பிறகு இதை விட்டுவிட்டார். மாஜாங் என்ற விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராக சில வருடம் முயன்றார். அதையும் விட்டு, முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்யும் வேலைக்குப் போனார். 2008-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்தபோது நண்பர்களோடு மறுபடி ஆடத் தொடங்கினார். 2009, 2010 இரண்டு வருடமும் ஈவோ பட்டம் அவருக்கே. நடுவே போன வருடங்களுக்காக அவரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே வந்தார்.

இன்னொருவர், அமெரிக்காவின் 'பங்க்' என்ற இளைஞர். 2017 ஈவோவில் இறுதிப் போட்டிவரை தோற்காமல் வந்தார். எதிரே வந்தவர் டோக்கிடோ, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்த ஜப்பானியர், தோற்றோர் வரிசை வழியாக வந்தவர். டோக்கிடோ இரண்டு தடவையும் வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். பங்க் மேடையிலேயே கண் கலங்கினார். உலகமே பார்க்க அழுத பிள்ளை என்ன ஆனான்? ஏழு வருடம் கழித்து, 2024-இல், அதே ஈவோவில் சாம்பியன் ஆனான். அந்த ஏழு வருடமும் ஆடிக்கொண்டே இருந்தான் என்பதுதான் எனக்கு அந்தப் பட்டத்தை விடப் பெரிய செய்தி.

அண்டை நாட்டுக் கதை ஒன்று. 2019-இல் ஜப்பானில் நடந்த ஈவோவுக்கு லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற பாகிஸ்தான் இளைஞர் வந்தார். டெக்கன் 7 என்ற விளையாட்டு. விசா, விமானம், கையில் இருக்கும் ரூபாயை மாற்றுவது என்று எல்லாவற்றிலும் அலைக்கழிந்துதான் வந்து சேர்ந்தார். கொரியாவும் ஜப்பானும் கொடிகட்டிப் பறந்த விளையாட்டில் பட்டத்தை வென்றுவிட்டார். பிறகு, என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். உலகம் நம்பவில்லை. லாகூரின் விளையாட்டுக் கடைகளில் வெளியுலகம் பார்க்காமலேயே ஒரு பெரிய பள்ளிக்கூடம் வளர்ந்திருந்தது.

அப்போது கொரியாவின் 'நீ' என்பவர் என்ன செய்தார் தெரியுமா? டெக்கன் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். பாகிஸ்தானுக்கே கிளம்பிப் போனார். அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடினார், அவர்களிடம் தோற்றார், கற்றுக்கொண்டார். அவர்களும் மறைக்காமல் ஆடிக் காட்டினார்கள். அதே 2019-இல் லாஸ் வேகாஸ் ஈவோ இறுதிப் போட்டியில் அர்ஸ்லானும் நீயும்தான் மோதினார்கள். அர்ஸ்லான் வென்றார். 2023-லும் 2024-லும் அங்கே மறுபடி வென்றார். தனக்குத் தெரியாததைத் தேடி, வயதிலும் அனுபவத்திலும் சிறியவர்களின் கடைக்கு ஒரு ஜாம்பவான் போனதைத்தான் நான் ஆசிரியர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதற்கு இன்னும் இருவர். அமெரிக்காவின் மைக் பெகம், 'ப்ரோலிலெக்ஸ்' என்ற பெயரில் ஆடியவர். பிறவியிலேயே கை கால் மூட்டுகள் இயங்காதவர். குப்புறப் படுத்துக்கொண்டு முகத்தாலும் வாயாலும் கன்ட்ரோலரை இயக்கி, நல்ல கையுள்ளவர்களைத் தோற்கடித்தார். மற்றவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். 2024-இல் காலமானார். நெதர்லாந்தின் ஸ்வென் என்பவருக்குப் பார்வை கிடையாது. ஒலியை மட்டும் கேட்டு, பார்வையுள்ளவர்களுக்கான போட்டிகளில் ஆடி ஆட்டங்களை வென்றிருக்கிறார். 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை ஒலியாலேயே உணர்த்தும் வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது.

நல்லதை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். கெட்டதையும் சொல்கிறேன், பெற்றோர்கள் கவனியுங்கள்.

2012-இல் கேப்காம் நிறுவனத்தின் நேரலை நிகழ்ச்சி ஒன்றில், ஒரு பெண் ஆட்டக்காரரை அவருடைய அணியின் பயிற்சியாளரே ஆபாசமாகப் பேசித் துன்புறுத்தினார். அந்தப் பெண் ஆட்டத்தையே விட்டு விலகினார். கேட்டதற்கு, இப்படிப் பேசுவது எங்கள் கூட்டத்தின் பழக்கம் என்ற பாணியில் அந்த மனிதர் நியாயம் சொன்னார். 2020 ஜூலையில் ஈவோவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மீதே, முன்பு சிறுவர்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற புகார் எழுந்தது. அவர் நீக்கப்பட்டார். விளையாட்டு நிறுவனங்கள் விலகின. அந்த வருடம் இணையத்தில் நடக்க இருந்த போட்டி ரத்தானது.

இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, உள்ளே வருகிற பிள்ளை பத்திரமாக இருக்கவும் வேண்டும். பாதிப் பேர் பயந்து வாசலிலேயே நின்றால், அது திறந்த கதவு ஆகாது. பள்ளிக்கூடமானாலும் விளையாட்டுக் கூடமானாலும் பெரியவர்கள் கண் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பதினெட்டு நிறையாத பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பினால் நீங்களும் கூடப் போங்கள்.

இன்னொரு கவலை பணம். தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் கட்டிய கட்டணத்தையே பரிசாகப் பிரித்துக்கொண்டார்கள். 2021-இல் சோனி நிறுவனமும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து ஈவோவை வாங்கின. 2024-இல் கேப்காம் நடத்திய கோப்பைப் போட்டியில் தைவான் இளைஞர் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. அது தகுதி பெற்ற சிலர் மட்டும் ஆடும் போட்டி. 2025-இல் சோனி தன் பங்கை 'நாட்வின் கேமிங்' என்ற இந்திய நிறுவனத்துக்கு விற்றது. ஆக, சன்னிவேலில் நாற்பது பேர் தொடங்கியதில் அந்த வருடம் நம் நாட்டு நிறுவனத்துக்கும் பங்கு கிடைத்தது. பணம் வருவது தப்பில்லை, ஆடுகிறவனுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் பெரிய பணம் வந்த இடத்தில் 'அழைக்கப்பட்டவர்கள் மட்டும்' என்ற பலகை மெதுவாக வந்து நிற்கும். அந்தப் பலகை ஈவோ வாசலில் வந்தால், முப்பது வருடம் சேர்த்த சொத்து போய்விடும். ஈவோவின் உரிமையாளர்கள் இதை மனதில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தங்கள் உழைப்பைப் பொதுவில் வைக்கும் பழக்கமும் இவர்களிடம் உண்டு. இணையத்தில் தூரத்து ஊர்க்காரரோடு ஆடினால் திரை தாமதமாகும். நொடியை அறுபதாகப் பிரித்த விளையாட்டில் தாமதம் விஷம். ஈவோவைத் தொடங்கிய இரட்டையரில் ஒருவரான டோனி கேனன் 2006-இல் இதற்கு 'ஜிஜிபிஓ' என்ற மென்பொருளை எழுதினார். எதிராளி அடுத்து எந்தப் பட்டனை அழுத்துவார் என்று அது ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தப்பினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னால் போய்ச் சரிசெய்துகொள்ளும். 2019-இல் அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். சிறு ஊரில் இருக்கும் பிள்ளை இன்று வெளியூர்க்காரரோடு சமமாக ஆட முடிகிறது என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

சூதாட்டமா? இல்லை. இது திறமையில் நடக்கும் ஆட்டம். புதிய கதாபாத்திரங்களையும் உடைகளையும் விலைக்கு விற்கிறார்கள், அது உண்மை. ஆனால் பணம் கட்டியதால் கை வேகம் கூடாது. பணம் கட்டினால் பலம் கூடும் செல்போன் கேம்களையும், காசு வைத்து ஆடும் ரம்மியையும் இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். அவற்றை வீட்டுக்குள் விடாதீர்கள் என்பதே என் அறிவுரை.

முரடனாகிவிடுவானா? பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் தோற்று, கை குலுக்கி, "அந்த இடத்தில் எப்படி அடித்தீர்கள்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை முரடனாகும் வாய்ப்பு குறைவு. அறையைப் பூட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டு ஆடினால்தான் கவலைப்பட வேண்டும். முடிந்தவரை ஆட்களோடு நேரில் ஆடட்டும்.

படிப்பு கெடுமா? அளவு மீறினால் கெடும், கிரிக்கெட்டும் சினிமாவும் மீறினால் கெடுவது போல. தூக்கம், வருகைப்பதிவு, பாக்கி வைக்காத பாடங்கள் ஆகிய மூன்றையும் நிபந்தனையாக வையுங்கள். இதையே தொழிலாக நம்பி இறங்குகிறேன் என்று சொன்னால் மட்டும் தடுங்கள். அந்தப் பத்து லட்சம் டாலர் ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஏழாயிரம் பேரில் பெரும்பாலானவர்கள் தங்கள் காசில் வந்து, இரண்டு முறை தோற்று, நண்பர்களோடு ஊர் திரும்பியவர்கள். டைகோவே முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர் என்பதை நினைவூட்டுங்கள்.

கடைசியாக, ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் ஒரே ஒரு தேர்வில் தவறியதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். சில வீடுகளில் அந்த நினைப்பு உயிரையே எடுத்துவிடுகிறது. மறுதேர்வு என்று ஒன்றை வைத்திருக்கிறோம். ஆனால் அதை எழுதப் போகிற பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் பள்ளிக்குள் நுழைகிறது. தோற்றோர் வரிசை இருந்தால் மட்டும் போதாது, அந்த வரிசையில் நிற்பவரையும் அரங்கம் கைதட்டிப் பார்க்க வேண்டும். தேர்வு முடிவு வந்த அன்று முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்வோம், நல்லது. அதே நாள் மாலை, தவறிய பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். "எந்த இடத்தில் தடுமாறினாய், வா உட்கார்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அந்த நாற்காலியை நாம்தான் போட வேண்டும்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். மாறுபட்ட கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்